பழைய வெள்ளி ரூபாய் கடைக்கு வந்தால்

திருத்தணியில் கடை வைத்திருப்போருக்குப் பழைய காசு புதிதல்ல. கிருத்திகைக்கு மலையேற வருவோரிடமும், நகரி, புத்தூர் பக்கமிருந்து சரக்கெடுக்க வருவோரிடமும் பாட்டி காலத்து வெள்ளி ரூபாய் இருக்கும். பாக்கிக்கு ஈடாக அது நம் கல்லாவுக்கு வந்து சேருவதும் உண்டு. சிலர் அதை வெள்ளி விலைக்கு எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். சிலர் யாரோ சொன்னதை நம்பி லட்சத்துக்குக் கனவு காண்கிறார்கள். இரண்டுமே நஷ்டக் கணக்கு.

பிரிட்டிஷ் ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். 12 பங்கில் 11 பங்கு வெள்ளி. 1835 முதல் 1939 வரை மன்னர் முகம் மாறியதே தவிர இந்த அளவு மாறவில்லை. யுத்த காலத்தில், 1940 முதல், வெள்ளி பாதியாயிற்று. 1947இல் நிக்கல் ரூபாய் வந்தது. அது காந்தத்தில் ஒட்டும். வெள்ளி ரூபாய் என்று கொடுத்தது ஒட்டினால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

எடை மட்டும் சரியாக இருந்தால் போதாது. நகைக்கடைத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீருக்குள் முழுகப் பிடியுங்கள். பழைய வெள்ளி ரூபாய்க்குத் தராசு 1.13 கிராம் அளவில் காட்டும். பாதி வெள்ளி என்றால் 1.2ஐத் தாண்டும். வெள்ளி முலாம் பூசிய பித்தளை 1.3க்கும் மேலே போய்விடும். ஆசாரியிடம் உரசிப் பார்க்கக் கொடுப்பதைவிட இது மேல். காசில் கீறல் விழாது.

அடுத்தது விளிம்பு. அச்சில் அடித்த காசில் விளிம்புக் கோடுகள் கூர்மையாக, ஒரே சீராக இருக்கும். வார்த்தெடுத்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக் கோடு தெரியும். எழுத்துகள் மழுங்கி, முகத்தில் ஊசித்துளைகள் காணும். 1939ஆம் வருட ரூபாய் மிக அரிது. அதனால் அதைக் கண்டால் மகிழ்வதற்கு முன் பூதக்கண்ணாடியை எடுங்கள். 1938இன் கடைசி எண்ணைச் செதுக்கியிருந்தால் எடையும் தண்ணீரும் காட்டிக் கொடுக்காது. அந்த 9ஐச் சுற்றியுள்ள தளம் மட்டுமே காட்டும்.

காசு அசல்தான் என்றாலும் விலையை நிர்ணயிப்பது அதன் நிலை. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் அங்கியில் ஒரு சிறு யானை உண்டு. 1911இல் அது பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்ப, 1912 முதல் திருத்தினார்கள். அந்த யானை தெளிவாக இருந்தால் காசு அதிகம் புழங்கவில்லை. தேய்ந்து போயிருந்தால் வெள்ளி விலையோடு சிறிது சேரும், அவ்வளவே.

நம் வீட்டுப் பெண்கள் குத்துவிளக்கோடு காசையும் புளி, சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிடுகிறார்கள். சேகரிப்பவர் கேட்பது கறுத்துப்போன, கை வைக்காத காசு. தேய்த்ததைத் தொடவும் மாட்டார். மாலையில் கோப்பதற்காக வளையம் பற்றவைத்து, பிறகு அராவி எடுத்த தழும்பும் அப்படித்தான். விளிம்பை வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

ராமர் பட்டாபிஷேகமும் அனுமாரும் பொறித்து, 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818' என்று போட்ட செப்புக் காசுகள் எந்த அரசும் வெளியிட்டவை அல்ல. இவற்றைத்தான் 'அரிசியை இழுக்கும்' என்று சொல்லி விற்கிறார்கள். வைஷ்ணவ தேவி 5 ரூபாய் லட்சம் பெறும் என்று போனில் சொல்லி முன்பணம் கேட்பவர்களும் இதே ரகம். பழைய காசு வாங்க ரிசர்வ் வங்கியின் பெயரில் கமிஷன் கேட்பது மோசடி என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது.

கிணறு வெட்டும்போது கிடைத்தது என்று ஒருவர் மூட்டையாகக் கொண்டுவந்தால் வாங்கக் கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அவரைத் தாலுகா ஆபீசுக்கு அனுப்பிவிடுங்கள்.