ஓரம் தூக்கும் தளம்

கிடங்கின் கான்கிரீட் தரையில் ஃபோர்க்லிஃப்ட் ஒவ்வொரு ஜாயின்ட்டைத் தாண்டும்போதும் ‘டக்’கென்று குலுங்கினால், அங்கே குனிந்து பார்க்க வேண்டும். மூலையைச் சுத்தியலால் தட்டினால் ‘டொக்டொக்’ என்று பொள்ளலாக ஒலிக்கும். தளத்தின் ஓரங்கள் மண்ணை விட்டுச் சில மில்லிமீட்டர் எழும்பியிருக்கும். சக்கரம் ஏற ஏற, தாங்கலில்லாத அந்த விளிம்பு நொறுங்கிவிடும்.

வற்றிய ஏரியில் வண்டல் பாளம் பாளமாக வெடித்து ஓரம் சுருளுமே, அதே காரணம்தான். மேற்பரப்பு காய்ந்து சுருங்குகிறது. அடிப்பக்கம் ஈரமாகவே கிடக்கிறது. அடிக்கும் மேலுக்குமான இந்த வேறுபாட்டைக் குறைப்பதே வழி.

முதல் எதிரி தண்ணீர். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு ஏறக்குறைய 20 லிட்டர் போதும். கலவை சுலபமாக ஓடட்டும் என்று ரெடிமிக்ஸ் லாரியில் ஹோஸைத் திறந்துவிட்டால், மிகுதியான நீர் பின்னர் ஆவியாகும்போது சுருக்கமும் கூடும். “அப்படியானால் சிமெண்டைக் கூட்டுவோம்” என்பார்கள். அது நிலைமையை மோசமாக்கும். சுருங்குவது சிமெண்ட் பசைதான். அதை இழுத்துப் பிடிப்பது ஜல்லி. வெறும் சிப்ஸ் கலவையைவிட 20 மி.மீ. ஜல்லியும் சேர்ந்த கலவை குறைவாகச் சுருங்கும்.

கம்பிவலையும் இடம் மாறினால் கெடுதல்தான். மேல் மூன்றில் ஒரு பங்கில் இருக்க வேண்டிய வலையை, கான்கிரீட் கொட்டுபவர்களே மிதித்து அடிக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே அது அடிப்பக்கத்தின் சுருக்கத்தைத் தடுத்து, வேறுபாட்டைப் பெருக்கும். வலையை உயரத்தில் தாங்கிப் பிடிக்கும் ‘கவர் பிளாக்’ மலிவானது. அதில் கஞ்சத்தனம் கூடாது.

ஜாயின்ட்டுகள் நெருங்கினால் ஓரம் எழும்பும் உயரம் குறையும். 150 மி.மீ. தளத்துக்கு 4 முதல் 4.5 மீட்டர் இடைவெளி, தடிமனில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வெட்டு. ஈரச்சாக்கு போர்த்துவது பலத்துக்குக் கட்டாயம். ஆனால் சுருளலை அது தள்ளிப்போடுமே தவிர ஒழிக்காது.

கான்கிரீட் சாலையில் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. பொறியாளர் வெஸ்டர்கார்ட் 1927-லேயே இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். பகலில் மேற்பரப்பு சூடேறி விரிய, நடுப்பகுதி எழ முயல்கிறது. இரவில் குளிர்ந்து ஓரங்கள் எழுகின்றன. அந்நேரம் லாரியின் ஓர் அச்சு ஒரு ஜாயின்ட்டருகிலும் இன்னோர் அச்சு மறு ஜாயின்ட்டருகிலும் அழுத்தினால், தளத்தின் மேற்புறத்தில் வெடிப்பு தொடங்கலாம். அதனால்தான் இந்தியச் சாலைகள் காங்கிரஸின் ஐஆர்சி 58 நெறிமுறையின் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு, பகலில் அடியிலிருந்து கிளம்பும் வெடிப்பையும் இரவில் மேலிருந்து இறங்கும் வெடிப்பையும் தனித்தனியே கணக்கிடச் சொல்கிறது.