பம்ப் மீது பழி போடுமுன்

பழைய பென்ஸ் கார் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது: "காலையில ஒரே சாவியில ஸ்டார்ட் ஆயிடுது. வெயில்ல ஓட்டிட்டு நிறுத்தினா மறுபடி எடுக்க மாட்டேங்குது. மேம்பாலம் ஏறும்போது இழுவையே இல்ல. பின்சீட்டுக்கு அடியில ஙொய்னு ஒரு சத்தம் வேற." பட்டறையில் தீர்ப்பும் கையோடு வந்துவிடும்: "ஃப்யூல் பம்ப் போயிடுச்சு சார்." பெரும் பணம் கொடுத்துப் புதுசு மாட்டுவார்கள். சில மாதங்களில் அதே சத்தம் திரும்ப வரும்.

பம்ப் கெடுவது உண்மைதான். ஆனால் அது ஏன் கெட்டது என்று பார்க்காமல் மாற்றுவது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து.

1984-ல் வெளிவந்த டபிள்யூ 124 வரிசையை எடுத்துக்கொள்வோம். 1995-ல் பென்ஸ் நிறுவனம் டெல்கோவுடன் சேர்ந்து புனேயில் கார் தயாரிக்கத் தொடங்கியபோது முதலில் வந்ததும் இந்த வரிசைதான். இதில் 80-களின் பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் இருப்பது எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும், பாஷ் நிறுவனத்தின் கே.இ. ஜெட்ரானிக் முறை. அதற்கு 5 பாருக்கும் மேலான அழுத்தத்தில் பெட்ரோல் வேண்டும். டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அம்பாசடர் நின்றுபோனால் பம்ப் மேல் ஈரத்துணி போட்டு ஆறவைத்து ஓட்டிய கைவைத்தியம் இங்கே எடுபடாது.

பம்ப் இருப்பது காரின் அடியில், வலது பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால். பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் பம்ப், ஃபில்டர், அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் அக்யுமுலேட்டர் மூன்றும் ஒன்றாகத் தெரியும். பம்பின் மோட்டார் பெட்ரோலுக்குள்ளேயே சுழல்கிறது. அதற்குக் குளிர்ச்சியும் வழவழப்பும் அந்தப் பெட்ரோல்தான். டேங்கின் வாயில் உள்ள வலை அடைத்துக்கொண்டால், வறட்சியில் பம்ப் சூடேறி, தேய்ந்து, கத்த ஆரம்பிக்கும். அந்த வலையைச் சுத்தம் செய்யாமல் எத்தனை புதுப் பம்ப் போட்டாலும் எல்லாம் ஒரே வழியில்தான் போகும்.

அதனால் ஸ்பேனரை எடுக்குமுன் மீட்டரை எடுங்கள். பம்ப் ஓடும்போதே அதன் முனைகளில் வோல்டேஜ் பாருங்கள். பேட்டரியில் 12 வோல்ட் இருந்தும் துருப்பிடித்த இணைப்புகளைத் தாண்டி 10 வோல்ட்தான் வருகிறது என்றால், குற்றவாளி வயரிங். அடுத்து ரிலே. அதற்குள் இருக்கும் ஈயப் பற்றுகள் ஆண்டுக்கணக்கில் சூடேறி மயிரிழையாக விரிசல் விட்டிருக்கும். வெயிலில் வண்டி நிற்பதற்கும் ஆறியபின் கிளம்புவதற்கும் பல நேரம் இதுவே காரணம். பிறகு, எஞ்சினிலிருந்து டேங்குக்குத் திரும்பும் குழாயைக் கழற்றி, அளவுப் பாத்திரத்தில் பிடியுங்கள். 40 விநாடிக்குள் 1 லிட்டர் வரவேண்டும். அளவு சரியாக வந்து, சூட்டில் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், வண்டியை நிறுத்திய பிறகு அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று பொருள். அக்யுமுலேட்டரையோ பம்பின் ஒருவழி வால்வையோ மாற்றினால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் பம்ப்தான் என்று தெரிந்தால் மாற்றுங்கள். ஆனால் பட்டறைக் குழிக்குள் நின்று இந்த வேலையைச் செய்யவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. குழியில் இறங்கித் தங்கும். குண்டு பல்பு கைவிளக்கு ஒன்று உடைந்தால் போதும், உயிருக்கே ஆபத்து. திறந்த வெளியில், ஸ்டாண்டில் ஏற்றி, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் தொடங்கவேண்டும். முதல் நட்டைத் தளர்த்தும்போது உள்ளே நிற்கும் அழுத்தம் பீய்ச்சியடிக்கும். துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, மெதுவாகத் திருப்புங்கள்.

கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப் போடுமுன், பெட்ரோல் உள்ளே வரும் வாயை வெள்ளைத் துணியின் மேல் கவிழ்த்துப் பாருங்கள். காபித்தூள் போலப் பழுப்புப் பொடி கொட்டினால் அது டேங்கின் துரு. பம்பின் வயிற்றைக் கடந்து வந்த துரு. டேங்கைக் கழுவாமல் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள். ரப்பர் ஹோஸ்களையும் இப்போதே மாற்றிவிடுங்கள். நம் பங்குகளில் இன்று கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் கால ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

மாட்டும்போது பலரும் விட்டுவிடும் ஒரு சிறு பொருள் உண்டு. ஃபில்டரையும் பம்பையும் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். பழையது கிழிந்துபோனால் "இது எதுக்கு" என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அலுமினிய உடலும் இரும்புப் பிடியும் நேராக உரசாமல் காப்பது அந்த உறைதான். அது இல்லாமல் மழைநீர் பட்டால் அலுமினியம் அரித்து, ஓட்டை விழுந்து, பெட்ரோல் கசியும். செம்பு வாஷர்கள் எல்லாமே புதிதாக இருக்கட்டும். இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர் பிடியுங்கள், ஒன்று பம்பை அசையாமல் நிறுத்த.

முடித்ததும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், ரிலே இடத்தில் பட்டறைக்காரர் வயர் கொடுத்துப் பம்பை மட்டும் ஓடவிடட்டும். டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். துளி ஈரம் தெரிந்தாலும் நட்டை மேலும் முறுக்காதீர்கள். கழற்றி, வாஷரை மாற்றி, மறுபடி மாட்டுங்கள்.