உங்களுக்குத் தெரியுமா? போக்குக் காட்டிய பி-2 விமானங்கள்!

2025 ஜூன். இஸ்ரேல்–ஈரான் மோதல் உச்சத்தில் இருந்த நேரம். அமெரிக்காவின் பி-2 குண்டுவீச்சு விமானங்கள் மிசூரி மாநிலத்தின் வைட்மன் தளத்திலிருந்து மேற்கே பசிபிக் பக்கம் பறந்தன. உடன் சென்ற எரிபொருள் நிரப்பும் விமானங்களின் சமிக்ஞையை வைத்தே விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் ஆர்வலர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். 'குவாம் தீவுக்குத்தான் போகின்றன' என்று ஊகங்கள் கிளம்பின.

அத்தனையும் போக்குக் காட்டும் வேலை! வேறு 7 பி-2 விமானங்கள் சத்தமில்லாமல் கிழக்கே போய்க்கொண்டிருந்தன. நடுவானில் பலமுறை எரிபொருள் நிரப்பிக்கொண்டு, சுமார் 18 மணி நேரம் பறந்து ஈரானை அடைந்தன. ஜூன் 22 அதிகாலையில் ஃபோர்டோ, நதான்ஸ் அணு மையங்கள்மீது 14 குண்டுகளை வீசின. ஒவ்வொன்றின் எடையும் ஏறக்குறைய 13,600 கிலோ!