முகப்பருவும் சாப்பாட்டுத் தட்டும்

வளரும் பிள்ளையின் முகத்தில் பரு வந்துவிட்டால் வீட்டில் முதலில் திட்டு வாங்குவது அது சாப்பிடும் சாப்பாடுதான். "எண்ணெய்ப் பலகாரத்தைத் தின்னாதே", "மாம்பழம் சூடு", "சாக்லேட்டை நிறுத்து" என்று வருகிறவர்களெல்லாம் ஆளுக்கொரு தடை போட்டுவிட்டுப் போகிறார்கள். பிள்ளையும் ஒவ்வொன்றாக விட்டுப் பார்க்கிறது. பரு போகவில்லை என்றதும், யாரோ சொன்ன க்ரீமை மருந்துக்கடையில் வாங்கித் தடவுகிறது. பெரிய ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. அதனால்தான் பருவில் சாப்பாட்டின் பங்கு எவ்வளவு என்பதை நாம் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மயிர்க்கால்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் கூடும்போது அவை அதிகமாகச் சுரக்கும். இறந்த செல்கள் சேர்ந்து துளை அடைபடும், உள்ளே கிருமி பெருகும், சிவந்து வீங்கும். பரு வருவது இப்படித்தான். நாம் தின்கிற பஜ்ஜியின் எண்ணெய் முகத்தில் வந்து வடிவதில்லை. ஆனால் இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுகிற உணவு இன்சுலினைக் கூட்டுகிறது. அதோடு ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து அந்தச் சுரப்பிகளைத் தூண்டிவிடுகின்றன. உணவுக்கும் பருவுக்கும் உள்ள முக்கியமான தொடர்பு இந்த வழியாகத்தான்.

இதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளவே வெகுகாலம் ஆயிற்று. 1969-இல் அமெரிக்காவில் 65 பேருக்குச் சாக்லேட் கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. சாக்லேட்டுக்கும் பருவுக்கும் சம்பந்தமில்லை என்று அது முடிவு சொன்னது. ஒப்பிடுவதற்காகக் கொடுத்த இன்னொரு மிட்டாயிலும் ஏறக்குறைய அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்தன. அப்படியிருக்க, வித்தியாசம் எங்கிருந்து தெரியும்? ஆனாலும் உணவுக்குப் பங்கே இல்லை என்ற எண்ணம் பல பத்தாண்டுகள் நிலைத்துவிட்டது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், பப்புவா நியூ கினியாவின் கிட்டாவா தீவில் 1,200 பேரைப் பார்த்தும் ஒருவருக்குக்கூடப் பரு இல்லை என்று தெரிந்தது. கிழங்கு, பழம், மீன், தேங்காய்தான் அவர்கள் உணவு. 2007-இல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களை வைத்து நடந்த 12 வார ஆய்வில், சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவைச் சாப்பிட்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது.

இதை வைத்து உணவே மருந்து என்று கிளம்பிவிடக் கூடாது. கிட்டாவா மக்களின் மரபணுவும் வாழ்க்கையும் வேறு. உணவு மாற்றத்தைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் 2024 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. பாலுக்கும், குறிப்பாகக் கொழுப்பு நீக்கிய பாலுக்கும், பருவுக்கும் தொடர்பு தெரிகிறது. பால்தான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. உணவைத் திருத்துவது சிகிச்சைக்குத் துணை. அது சிகிச்சையின் இடத்தைப் பிடிக்காது.

நம் வீடுகளில் மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். குளிர்பானம், ரோஸ்மில்க், பாக்கெட் ஜூஸ், கிரீம் பிஸ்கெட், நாளுக்கு நான்கு முறை சர்க்கரை போட்ட டீ ஆகியவற்றைக் குறைக்கலாம். சோற்றை அளவாக வைத்துக்கொண்டு பருப்பு, கீரை, காய், முட்டை, மீனைக் கூட்டலாம். மாலையில் பப்ஸுக்குப் பதில் சுண்டல் தரலாம். கேழ்வரகு நல்ல தானியம்தான். ஆனால் நைசாக அரைத்து, வெல்லத்தைக் கொட்டிக் காய்ச்சிய கூழ் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் என்று நம்பிவிட வேண்டாம். இதையெல்லாம் இரண்டு மூன்று மாதம் தொடர்ந்தால்தான் பலன் இருக்கிறதா என்றே தெரியும்.

பெண் பிள்ளைகளைப் பரு பயத்தில் பட்டினி போடுவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. 15 முதல் 19 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அந்தப் பிள்ளையிடமிருந்து முட்டையையும் பாலையும் சேர்த்துப் பிடுங்கினால் அதன் உடம்பில் என்ன மிஞ்சும்?

ஜிம்முக்குப் போகிற பையன்கள் வே புரோட்டீன் பவுடரைக் கவனிக்க வேண்டும். அதைத் தொடங்கிய பிறகு பரு வெடித்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. அதிக அளவு பி12 ஊசியும் மாத்திரையும்கூடச் சிலருக்குப் பருவைக் கிளப்பும். ஓர் உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிப்பதில்லை. "ஒரே மாதத்தில் பரு ஒழியும்" என்று பானமோ பவுடரோ விற்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

இனி அந்த க்ரீம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகிய பெயர்களை டியூபில் தேடிப் பாருங்கள். இவை ஸ்டீராய்டு. தடவிய சில நாளில் முகம் பளிச்சென்று ஆகும். அதனால்தான் தோழிக்குத் தோழி கைமாறுகிறது. மாதங்கள் போனால் தோல் மெலியும், இரத்த நாளங்கள் தெரியும், முடி முளைக்கும், வெயிலில் எரியும், பரு முன்னைவிட அதிகமாக வரும். தோல் மருத்துவர்கள் தொடர்ந்து குரல் கொடுத்த பிறகு, 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை எச் அட்டவணையில் சேர்த்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்பது சட்ட விரோதம். ஏற்கெனவே தடவிக்கொண்டிருப்பவர்கள் திடீரென நிறுத்தினால் எரிச்சலும் பருவும் மூர்க்கமாகத் திரும்பலாம். மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்கிறபடி விடுங்கள்.

எதை வாங்கினாலும் பில் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. பில்லையும் டியூபையும் பத்திரமாக வைத்திருங்கள். சீட்டில்லாமல் ஸ்டீராய்டு விற்கும் கடையைப் பற்றி மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகார் தரலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பாதிப்புக்கு இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கும் சேவைக்கும் வழக்குக் கட்டணம் இல்லை. பொய் விளம்பரத்துக்கு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதில் நடித்துப் பரிந்துரைத்தவர்களுக்கும் அபராதம் விதிக்கலாம்.

பருவுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. பென்சாயில் பெராக்சைடு, அடாப்பலீன் போன்ற பூச்சுகள் பலன் காட்ட 8 முதல் 12 வாரம் ஆகும்; அவசரப்பட்டு நடுவில் விட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் இலவசமாகவே பார்க்கலாம். மாதவிலக்கு தள்ளிப்போவதும் தாடையில் முடி வளர்வதும் பருவோடு சேர்ந்திருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை கடுமையான பருவுக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் கருவில் உள்ள குழந்தையை ஊனமாக்கும். அதைச் சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதமும் கருத்தரிக்கவே கூடாது. இதை மருத்துவர் தானாகச் சொல்லாவிட்டால் பெண்கள் தயங்காமல் கேட்க வேண்டும். பள்ளிக்குப் போக மாட்டேன் என்று பிள்ளை அறைக்குள்ளேயே கிடந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். போகும்போது இதுவரை தடவிய டியூப், சாப்பிட்ட மாத்திரை, பவுடர் டப்பா எதையும் மறைக்காமல் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.