பல்லும் சொல்லும் பண்டமும்

‘பல்லுப் போனால் சொல்லுப் போச்சு’ என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. இதனை வெறுங் கேலியாகக் கொள்ளுதல் பொருந்தாது. எழுத்தொலி பிறத்தற்குரிய எட்டு உறுப்புக்களுள் பல்லையும் ஒன்றாகத் தொல்காப்பியர் பிறப்பியலில் எண்ணினார். உண்பதற்கும் உரையாடுவதற்கும் ஒருங்கே வேண்டப்படும் இவ்வுறுப்பை இழந்தவர், உடலால் மட்டுமன்றிச் சமூக வாழ்விலும் குறைவுபடுகின்றார். அவ்விழப்பை ஈடுசெய்யும் பொறுப்பு யாருடையது என்பதே நாம் இங்கு ஆராய முற்படும் வினாவாகும்.

முதலில் பொருளை விளங்கிக்கொள்வோம். இழந்த பல்லுக்கு ஈடாகக் கழற்றி மாட்டும் கட்டுப்பல் நெடுங்காலமாக வழக்கிலுள்ளது. அதனினும் உறுதியானது, ‘இம்பிளான்ற்’ எனப் பரவலாக அழைக்கப்படும் பல் உள்வைப்பு. சுவீடன் நாட்டு ஆய்வாளரான பிரனேமார்க், முயலின் என்பிற் பொருத்திய தைத்தானிய உலோகக் கருவி என்போடு ஒன்றிவிட்டதை 1950களில் அவதானித்தார். 1965 இல் அம்முறை முதன்முதலாக மனிதர் ஒருவருக்குப் பயன்படுத்தப்பட்டது. தாடை என்பினுள் சிறு தைத்தானியத் திருகாணி பதிக்கப்படுகின்றது. என்பு அதனைப் பற்றிக்கொள்ளச் சில மாதங்கள் செல்லும். அதன் பின்னரே மேலே செயற்கைப் பல் பொருத்தப்படும். கட்டுப்பாடற்ற நீரிழிவும் புகைத்தலும் முரசு நோயும் இம்முயற்சி தோல்வியுறும் வாய்ப்பை மிகுவிக்கின்றன.

குடாநாட்டின் அரச வைத்தியசாலைகளில் பல் பிடுங்குதலும் அடைத்தலும் கட்டணமின்றி நடைபெறுகின்றன. உள்வைப்போ நாடு முழுவதிலும் அரச துறையில் மட்டுப்பட்ட அளவிலேயே இடம்பெறுகின்றது. ஆகவே வேண்டுவோர் தனியார் சிகிச்சையையே பெரிதும் நாடவேண்டியுள்ளது. பிடுங்குவது இலவசம், நாட்டுவது விலைக்கு என்னும் இம்முரண்பாடு தற்செயலானதன்று.

இலவச மருத்துவத்தின் எல்லை பற்களின் அருகே வரையப்படுவதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. பிரித்தானியாவில் 1948 இல் தேசிய சுகாதார சேவை நிறுவப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1951 இல், கட்டுப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க அந்நாட்டுத் தொழிற்கட்சி அரசாங்கமே முனைந்தபோது, அச்சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் அமைச்சுப் பதவியைத் துறந்தார். நமது நாட்டிலும், இடதுசாரிகள் பங்குகொண்ட ஐக்கிய முன்னணி அரசாங்கம் 1971 இல் அரச வைத்தியசாலைகளின் வெளிநோயாளரிடம் இருபத்தைந்து சதம் அறவிடத் தொடங்கியது. 1977 இலேயே அது நீக்கப்பட்டது. நெருக்கடி நேர்கையில் மக்களின் உடல்நலமே முதலில் பேரத்திற்கு உள்ளாகின்றது என்பதும், இடதுசாரிகளும் அதற்கு விலக்கல்லர் என்பதும் மனங்கொளத்தக்கவை.

உள்வைப்புக்கு வேண்டிய உறுப்புகள் இறக்குமதிப் பண்டங்கள். 2022 ஏப்பிரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. அவ்வாண்டின் முற்பகுதியில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களில் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ உறவினரைக் கொண்டவர் இவ்விலையைத் தாங்கிக்கொள்ளலாம். நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து யாழ்ப்பாண நகரை அடையவேண்டிய கூலித் தொழிலாளிக்கு, ஒவ்வொரு வருகையும் ஒருநாட் கூலியின் இழப்பாகும். பல் நீங்கிய இடத்தில் தாடை என்பு காலப்போக்கிற் குறுகுவதால், பிந்துந்தோறும் சிகிச்சை கடினமாகின்றது, செலவும் ஏறுகின்றது. காத்திருத்தலே வறியவருக்கு எதிராகத் தொழிற்படுகின்றது எனலாம்.

பல் உள்வைப்பு ஓர் ஆடம்பரமன்றோ, மருந்துத் தட்டுப்பாடு நிலவிய நாட்டில் இதனைக் கோருதல் தகுமோ என நண்பர்கள் சிலர் வினவுவர். இவ்வினாவைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. முகப்பொலிவின் பொருட்டுச் செய்யப்படும் உள்வைப்புக்கு அரசு செலவிடவேண்டுமென நாம் வாதிடவில்லை. ஆயின், வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கத்தால் வாய்ப்புற்றுநோய் மலிந்த நாடு இது. தாடையின் ஒரு பகுதியையே சத்திரசிகிச்சையில் இழந்தவருக்குச் சாதாரண கட்டுப்பல் நிலைத்து நில்லாது. 2009 வரை நீடித்த யுத்தத்தில் முகத்திற் காயமுற்றோரின் நிலையும் அத்தகையதே. இவர்களுக்குச் செயற்கைப் பல் அணிகலன் அன்று, சோறும் சொல்லுமாகும். உள்வைப்பைப் பொதுவாக வழங்காத பிரித்தானியச் சேவையும், வாய்ப்புற்றுநோய், விபத்து முதலிய சிறப்புத் தேவைகளுக்கு அதனை வழங்குகின்றது.

மேலும், இழந்த ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் உள்வைப்பு வேண்டுமென்பதில்லை. கீழ்த்தாடைப் பற்கள் அனைத்தையும் இழந்தவருக்கு இரண்டு உள்வைப்புக்களின் மீது கட்டுப்பல்லை நிறுத்துதலே முதல் தெரிவாக அமையவேண்டுமென, 2002 இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திற் கூடிய நிபுணர்கள் கருத்தொருமித்தனர். குறைந்த செலவில் நிறைந்த பயன் தரும் வழி உண்டு என்பதற்கு இது சான்று.

எனவே நமது கோரிக்கைகளை வரிசைப்படுத்திக் கூறலாம். பாடசாலைப் பருவத்திலேயே பற்களைக் காக்கும் சேவை வலுப்பெறல் வேண்டும். பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களின் வைத்தியசாலைகளிற் கட்டுப்பல் கட்டணமின்றிக் கிடைத்தல் வேண்டும். புற்றுநோயாலும் காயத்தாலும் தாடையை இழந்தவருக்கு உள்வைப்பு அரச செலவில் அமைதல் வேண்டும். தனித்தனி நோயாளியின் பணப்பையை நோக்கி விடப்படும் இவ்வினாவைப் பொது வினாவாக மாற்றுவது, மருத்துவரின் பணி மட்டுமன்று. நம் அனைவரின் பணியுமாகும்.