தலையில் வைக்க முடியாத ரோஜா

ரோஜா வளர்ப்பைப் பற்றி நம் பகுதியில் எத்தனையோ சகோதரிகள் எழுதிவிட்டார்கள். எல்லாம் பன்னீர் ரோஜா, எட்வர்ட் ரோஜா, இல்லாவிட்டால் மொட்டை மாடித் தொட்டி ரோஜா. பாலாடை நிறத்தில், புதர் மாதிரி படர்ந்து, கொத்துக் கொத்தாகப் பூக்கிற ரோஜாவைப் பற்றி யாரும் எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. பெயர் தெரியாத செடி. அது வந்த கதையையும் வளர்ந்த கதையையும் எழுதுகிறேன்.

எங்களுக்கு கொடைக்கானல். என் மாமனார் இங்கே ஒரு பழைய துரை பங்களாவில் முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டக்காரராக இருந்தார். இப்போதெல்லாம் ‘காட்டேஜ்’ என்றால் டூரிஸ்டுக்கு வாடகைக்கு விடும் அறை என்று ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் அது கல் சுவர் வைத்த சின்ன வீடு, சுற்றிலும் ஒரு தோட்டம். பார்க்கில் உள்ள மாதிரி பாத்தி கட்டி வரிசை பிடித்த தோட்டம் இல்லை. ஹைட்ராஞ்சியா, டேலியா, ஜெரேனியம் எல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். நடுவிலேயே நாலு வரி பட்டாணியும் பூண்டும் இருக்கும். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு புதர் ரோஜா. சீமையில் கிராமத்து வீட்டு வாசலில் இப்படித்தான் வைப்பார்களாம், இங்கே வந்த வெள்ளைக்காரர்கள் அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள் என்று மாமா சொல்வார்.

2017-ல் அந்த பங்களா கைமாறியது. தோட்டத்தை ஜே.சி.பி. விட்டு வழிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், முதல் நாள் சாயங்காலம் மாமா அந்த ரோஜாவில் ஏழெட்டுக் குச்சிகளை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள்.

“இத்தன வருசம் வேல பாத்ததுக்கு இதத்தான் குடுத்தாகளாக்கும்? அந்தப் பூ தலையில வைக்க ஆகாது, மால கட்ட ஆகாது, தொட்டா உதிருது. ஒரு பிளம்ஸ் கன்னு கொண்டாந்தாலும் பிள்ளைக திங்கும்.”

மாமா பதிலே சொல்லவில்லை. நேரே கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அத்தை சொன்னதிலும் நியாயம் உண்டு. இந்தப் பூவில் இதழ் ரொம்ப அதிகம், காம்போ மெலிசு. விரிந்த பூ செடியிலேயே தலை குனிந்துதான் நிற்கும். பறித்தால் அரை நாள் தாங்காது. ஆனால் அதைச் செடியில் பார்க்க வேண்டும்! மொட்டு வெண்ணெய் நிறம். விரியும்போது நடுவில் லேசாக மஞ்சள் ஓடியிருக்கும். முழுக்க விரிந்தபின் வெள்ளை. வாசனையும் பன்னீர் ரோஜா வாசனை இல்லை, தேயிலை டப்பாவைத் திறந்ததும் வருமே, அந்த மாதிரி.

குச்சி நட்ட விதத்தைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பூத்து முடிந்த கிளையில் பென்சில் கனத்துக்கு, ஒரு சாண் நீளம் வெட்டினார் மாமா. அடியில் கணுவுக்குக் கீழே சாய்த்து ஒரு வெட்டு. மேலே இரண்டு இலையை விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டார். மணலும் இலைமக்கும் பாதிக்குப் பாதி கலந்து, குச்சியில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகிற மாதிரி நட்டு, மேலே பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டார். வெயில் படாத இடம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், எட்டில் மூன்று பிழைத்திருந்தது. அதில் ஒன்றை எங்கள் வீட்டு ஆடு தின்றது. ஒன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். மிச்சம் இருந்ததுதான் இன்றைக்கு வாசலில் நிற்பது.

ஒன்றரை அடிக் குழி எடுத்து, நன்றாக மட்கிய சாணி எருவும் இரண்டு கைப்பிடி எலும்புத்தூளும் கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கும் போட்டு வைத்தோம். அடுத்த வருஷம் மொட்டு விட்டபோது எனக்கு ஒரே சந்தோஷம். மாமா வந்து எல்லாவற்றையும் கிள்ளிப் போட்டார்! “வேரு பிடிக்கட்டும் தாயி. இப்பப் பூத்தா வளராது” என்றார். எனக்குக் கோபம்தான்.

நிறையப் பூத்தது 2019 ஏப்ரலில். அந்த மாதம்தான் மாமா தவறிப்போனார், நெஞ்சு வலி.

பதினாறாம் நாள் சடங்கில் அத்தையை உட்காரவைத்து, தலை கொள்ளாமல் பூ வைத்து, பிறகு அத்தனையையும் எடுத்தார்கள். எடுத்தவர்களும் பெண்கள்தான். நானும் அங்கேதான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் அத்தை மல்லிகை, கனகாம்பரம் எதையும் கையால் தொடுவதில்லை. பூக்காரி வந்தால் உள்ளே போய்விடுவார்கள். ஆனால் காலையில் காபி டம்ளரோடு அந்த ரோஜாச் செடிக்கு எதிரில் கல்லில் உட்கார ஆரம்பித்தார்கள். ஒருநாள் என்னிடம் சொன்னார்கள்: “தலையில வைக்க ஆகாதுன்னு உங்க மாமாவ வஞ்சேன்ல... இப்ப அதான் எனக்கு ஏத்த பூ.” எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. யார் வைத்த சட்டம் இது? கணவர் போனால் பொட்டும் பூவும் ஏன் போக வேண்டும்? அத்தையிடம் கேட்டால், “ஊரு பேசும்மா” என்கிறார்கள். ஊர் என்பது நாம்தானே?

அதிலிருந்து செடியை நான் பார்க்க வேண்டியதாயிற்று. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான், செடியிடம்தான் பாடம் படித்தேன். முதல் தப்பு கவாத்தில். பிரையண்ட் பார்க்கில் ரோஜாவை முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டியதைப் பார்த்துவிட்டு நானும் அப்படியே வெட்டினேன். அந்த வருஷம் கைவிரலில் எண்ணும் அளவுக்குத்தான் பூ. நெட்டுக் காம்பில் ஒற்றைப் பூ பூக்கிற ரோஜாவுக்குத்தான் அந்த வெட்டு. புதர் ரோஜாவுக்குக் காய்ந்த கிளை, உள்பக்கம் உரசும் கிளை இவற்றை எடுத்துவிட்டு, மற்றதில் மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும். மாமா செய்த இன்னொரு வித்தை, நீளமாக ஓடும் கிளையை வெட்டாமல் வில் மாதிரி வளைத்து, நுனியைக் கல்லில் கட்டிவிடுவார். நேராக நின்றால் நுனியில் மட்டும் பூக்கும் கிளை, படுக்கவைத்தால் கணுவுக்குக் கணு தளிர்த்துப் பூக்கும்.

எங்கள் ஊரில் பெரிய எதிரி மழைதான். அக்டோபர், நவம்பரில் விடாமல் பெய்யும்போது மொட்டின் வெளி இதழ்கள் நனைந்து ஒட்டிக்கொண்டு, காகிதம் மாதிரி பழுப்பாகிவிடும். உள்ளே பூ விரிய முடியாமல் அழுகும். இதழ் அதிகமுள்ள வெளிறிய ரோஜாக்களுக்கு இந்தத் தொல்லை ஜாஸ்தி. விரிந்த பூவிலும் இளஞ்சிவப்புப் புள்ளிகள் விழும். யாரோ குங்குமம் தெளித்த மாதிரி அழகாக இருக்கிறதே என்று முதலில் நினைத்தேன். பூஞ்சணமாம்! கெட்ட மொட்டுகளை உடனே கிள்ளித் தூரப் போட்டுவிட வேண்டும். ஜனவரி கடைசியில் கவாத்து செய்தால் பூப்பு ஏப்ரலில் வந்து, பெருமழைக்குத் தப்பிவிடும். பனிமூட்டக் காலத்தில் இலையில் மாவு பூசியது போல் சாம்பல் நோய் வந்தால், லிட்டருக்கு இரண்டு கிராம் நனையும் கந்தகம் கலந்து அடிக்கிறேன். தண்ணீரைக் காலையில் வேரில் மட்டும் ஊற்ற வேண்டும். பூண்டு நட்டால் அசுவினி வராது என்பார்கள். எங்கள் மலைப்பூண்டையே சுற்றி நட்டேன். அசுவினி வந்தது, பூண்டும் விளைந்தது.

2020-ல் கேட்டின் மறுபக்கத்துக்கும் ஒன்று வேண்டும் என்று, கீழே ஒரு நர்சரியில் ‘கிரீம் ரோஸ்’ என்று அடித்துச் சொன்ன ஒட்டுச்செடியை வாங்கினேன். ஒட்டு பட்டுப்போய், அடியிலிருந்து போத்து கிளம்பி, கடைசியில் பூத்தது சாதாரண எட்வர்ட் ரோஜா. நம் பக்கம் ஒட்டுக்கு அடிச்செடியாக எட்வர்டைத்தான் அதிகம் வைக்கிறார்கள். ஒட்டுச்செடி வாங்குகிறவர்கள் ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை அப்போதைக்கப்போதே பிய்த்துவிடுங்கள். குச்சி நட்டு வந்த செடிக்கு இந்தப் பயமே இல்லை. வெள்ளைப் புதர் ரோஜா கட்டாயம் வேண்டும் என்பவர்கள் ‘ஐஸ்பெர்க்’ என்று கேட்டுப் பாருங்கள். 1958-ல் ஜெர்மனியில் கோர்டெஸ் குடும்பத்தார் உருவாக்கியது, முள்ளும் குறைவு. கீழ்நாட்டு வெயிலில் மத்தியான நிழல் கொடுக்க வேண்டும்.

வெள்ளை ரோஜா சீமைச் சொத்து என்றும் நினைக்க வேண்டாம். பழனி மலையிலும் நீலகிரியிலும் சோலை ஓரத்தில் ஐந்தே இதழோடு வெள்ளையாகப் பூக்கும் காட்டு ரோஜாக் கொடி நம்முடையதுதான். மணிப்பூர் மலையில் பாலாடை நிறத்தில் பெரிய பூப் பூக்கும் காட்டு ரோஜா ஒன்று உண்டு. அதை வைத்து எங்கள் ஊர் வீரராகவன் - கிரிஜா தம்பதியர் வெயில் தாங்கும் புது ரோஜாக்களை உருவாக்கியிருக்கிறார்கள். ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு வந்து செய்தார் என்றால் பாருங்களேன்!

போன வருஷம் என் மகள் ஒரு பூவைப் பறித்து, அத்தை அசந்திருந்த நேரம் கொண்டையில் செருகிவிட்டாள். நான் பயந்துபோனேன். “அப்பத்தா, எடுக்காதீங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை எடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் அதுவே ஒவ்வொரு இதழாகத் தோளில் உதிர்ந்துவிட்டது. பெருக்கப் போனேன், “கெடக்கட்டும்” என்றார்கள்.

இந்த வருஷம் நான் கத்திரியோடு உட்கார்ந்ததும் அத்தையும் வந்துவிட்டார்கள். “அந்த நீளக் கெளய விடும்மா, அதத்தான் உங்க மாமா வளைப்பாரு” என்றார்கள். வளைத்துக் கட்டினேன். நேற்று எண்ணியபோது அந்த ஒரு கிளையில் பதினேழு மொட்டு. அத்தை கணக்கில் பத்தொன்பது. நாளைக்கு மறுபடி எண்ண வேண்டும்.

- ஒரு வாசகி, கொடைக்கானல்.