புதிய கணிப்பொறியில் பழைய தமிழ்

திருவேங்கடம், சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் டி.டி.பி. கடைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி எல்லாம் அங்கேதான் உருவாகின்றன. பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த கோப்புகளே அக்கடைக்காரரின் மூலதனம்.

விண்டோஸ் 10 என்னும் இயக்க அமைப்புக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான இலவசப் பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. கடைக்காரர் விண்டோஸ் 11 உள்ள புதிய கணிப்பொறி ஒன்றை வாங்கிப் பழைய கோப்பைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மணமக்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள் நிற்கின்றன. தமிழ் தட்டச்சிட உதவிய பழைய மென்பொருளோ இயங்கவே மறுக்கிறது. வைரஸ் புகுந்துவிட்டதா? இல்லை. இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். பழைய முறையில் ஓர் எழுத்துக்கு 8 பிட்டுகள். ஆக, 256 இடங்கள். அவற்றில் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கும் குறியீடுகளுக்கும் போய்விட்டன. தமிழுக்கு இடம் எங்கே? எழுத்துரு செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். எண்ணை மாற்றாமல், அந்த எண்ணுக்கு உரிய படத்தை மட்டும் மாற்றினார்கள். 'பாமினி' எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'தமிழ்' என்று எழுத ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி என ஐந்து விசைகளை அழுத்த வேண்டும். கோப்பில் பதிவாவது 106, 107, 112, 111, 59 என்னும் எண்களே. திரையில் 'தமிழ்' தெரிவது பாமினி என்னும் முகமூடியால்தான். புதிய கணிப்பொறியில் அந்த எழுத்துரு இல்லையேல் முகமூடி கழன்று, உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துக்கள் வெளியே தெரிகின்றன. கோப்புக்கு ஒரு கேடும் இல்லை. பழைய கணிப்பொறியிலிருந்து எழுத்துருக் கோப்பை நகலெடுத்து நிறுவினால் தமிழ் திரும்பிவிடும்.

ஆனால் ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பம்போல் இடம் ஒதுக்கியதால், ஒரு கடையின் கோப்பு அடுத்த கடையில் பிதற்றலாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் தரங்களை அறிவித்தது. அவையும் 8 பிட் முறைகளே. உண்மையான தீர்வு யூனிகோடு. அதில் தமிழுக்கென்று 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் தனியே உள்ளன. 'தமிழ்' என்பது 2980, 2990, 3007, 2996, 3021. இவ்வெண்கள் வேறெந்த மொழிக்கும் உரியவை அல்ல. எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது. விண்டோஸ் 2000 இதனை 'லதா' எழுத்துருவுடன் ஏற்றுக்கொண்டது.

இனி இரண்டாவது நோய். மென்பொருள் தானாக அச்சுப்பொறியிடமோ வட்டிடமோ பேசுவதில்லை. இயக்க அமைப்பிடம் கேட்டுத்தான் பெறுகிறது. கேட்கும் முறை மாறினால், அல்லது கேட்கப்படும் பகுதியே நீக்கப்பட்டால், மென்பொருள் நின்றுவிடும். இன்டெல் 1978-இல் வெளியிட்ட 8086 செயலி 16 பிட் வகை. டாஸ் காலத்து மென்பொருள்கள் இதற்காக எழுதப்பட்டவை. 1985-இல் வந்த 80386 செயலி 32 பிட் வகை. எனினும் 8086 போல நடிக்கும் வசதி அதற்கு இருந்தது. 32 பிட் விண்டோஸ் அதைப் பயன்படுத்திப் பழைய நிரல்களை ஓட்டியது. செயலி 64 பிட் முறையில் ஓடும்போதோ இந்த நடிப்பு வசதி கிடையாது. ஆகவே 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்கள் ஓடா. 32 பிட் நிரல்கள் பெரும்பாலும் ஓடும். விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே இல்லை.

கல்லூரி மாணவர்களுக்கு இது புதிதல்ல. நம் ஆய்வகங்கள் பலவற்றில் நெடுங்காலம் கோலோச்சிய போர்லாண்டின் டர்போ சி++ ஒரு டாஸ் மென்பொருளே. அதை இன்றைய கணிப்பொறியில் ஓட்ட 'டாஸ்பாக்ஸ்' என்னும் மென்பொருள் வேண்டும். அது 8086 வகைக் கணிப்பொறி முழுவதையும் கற்பனையாக உருவாக்கிக் காட்டுகிறது. பழைய நிரல் ஏமாந்து, வீட்டில் இருப்பதாகவே எண்ணிக்கொள்ளும்! (1998-இல் சி++ மொழிக்கே தரம் வகுத்த பிறகும் பழைய டர்போவைப் பிடித்துக்கொண்டிருப்பது மாணவர்களுக்கு நன்மையன்று என்பது என் கருத்து.)

அச்சுப்பொறி, ஸ்கேனர் போன்றவற்றின் நிலை இன்னும் கடினம். அவற்றை இயக்கும் டிரைவர் நிரல் இயக்க அமைப்போடு நெருங்கி இணைந்து வேலை செய்கிறது. 32 பிட் டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்காது. தயாரித்தவர் புதிய டிரைவர் தராவிடில், நல்ல நிலையிலுள்ள கருவியும் அங்கே பயன்படாது. அதற்காகப் பழைய கணிப்பொறியையே வைத்துக்கொள்பவர்கள் அதை இணையத்தில் இணைக்காதிருப்பது நல்லது.

கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற மாற்றிகள் கிடைக்கின்றன. எண்ணுக்கு எண் மாற்றினால் போதுமே என்று தோன்றும். அப்படியன்று. பாமினியில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என மூன்று எண்கள். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவாகும். யூனிகோடிலோ முதலில் க, பிறகு ஒகரக் குறி என இரண்டே எண்கள். ஆகவே வரிசையையும் திருப்ப வேண்டும். இடையே ஓர் ஆங்கிலச் சொல் இருந்தால் மாற்றி அதையும் தமிழென்று கருதிப் பாழாக்கும். எல்லாவற்றிலும் வேடிக்கை ஔகாரம். பழைய எழுத்துருவில் 'கௌ' எழுதக் கொம்பு, க, ள என்றே தட்டுவார்கள். 'கெள' எழுதவும் அதே மூன்று எண்கள்தாம்! எது எதுவென்று மாற்றிக்குத் தெரிய வழியில்லை. 'கௌரவம்' பல இடங்களில் 'கெளரவம்' ஆகிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மணமகன் பெயர் கௌதமன் என்றிருந்தால் மாற்றிய கோப்பில் முதலில் அதைத்தான் தேடிப் பார்க்க வேண்டும். மெய்ப்புப் பார்த்து முடிக்கும்வரை பழைய கோப்பையும் எழுத்துருவையும் ஒரு பென் டிரைவில் சேர்த்தே வைத்திருங்கள்.